கோதுமையின் தாய்மாமனும் விதைப்புக் கருவியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் டெல்லிப் புகை நம் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் தாளுக்குத் தீ வைக்கிறார்கள், காற்று கெடுகிறது, அபராதம், வழக்கு என்று பத்து நாள் ஓடும். பங்குனியில் இன்னொரு செய்தி வரும்: வெயிலால் கோதுமை விளைச்சல் குறைந்தது. நடுவே உள்ள ஐந்து மாதம் வயலில் என்ன நடந்தது என்று யாரும் எழுதுவதில்லை. எந்தத் தேதியில், எந்தக் கருவியால், எவ்வளவு ஆழத்தில் விதைத்தார்கள் என்பதுதான் அந்த வயலில் எத்தனை களை முளைக்கும் என்பதையும், எத்தனை மூட்டை கோதுமை வரும் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நம் ரேஷன் கடைக்கும் சப்பாத்திக்கும் கோதுமை வடக்கிலிருந்து வருவதால், இதைக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தாருங்கள்.

அங்குள்ள நெல்–கோதுமை வயல்களில் முதல் எதிரி ஃபலாரிஸ் மைனர் என்னும் புல். பஞ்சாபில் குல்லி டண்டா என்பார்கள். ஹரியானாவில் மண்டூசி, கன்கி. 'கெஹூன் கா மாமா' என்றும் ஒரு பெயர் உண்டு. கோதுமையின் தாய்மாமன்! மருமகனுக்கும் மாமனுக்கும் ஒரே முக ஜாடை. கதிர் வெளிவரும் வரை புதியவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இளம் பயிரில் அடையாளம் காண வழி இருக்கிறது. தண்டின் அடியைக் கிள்ளிப் பார்த்தால் மண்டூசியில் இளஞ்சிவப்பு தெரியும், கோதுமை வெளிறிய பச்சையாக இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் கோதுமைக்குத் தண்டைத் தழுவும் இரண்டு சிறு காதுகள் உண்டு. மண்டூசிக்குக் காது கிடையாது, நீளமான வெள்ளை நாக்கு மட்டும் இருக்கும். காட்டு ஓட்ஸ் என்றால் இலை இடப்பக்கமாக முறுக்கியிருக்கும், கோதுமை இலை வலப்பக்கமாக முறுக்கும். நெல் வயலில் நாக்கில்லாத இலையைத் தேடிப் பார்த்துக் குதிரைவாலிப் புல்லைப் பிடுங்கியவர்களுக்கு இந்த வேலை புதிதாக இருக்காது.

இந்தப் புல்லின் பலமும் பலவீனமும் அதன் விதையில் இருக்கின்றன. கோதுமையில் ஆயிரம் மணி சுமார் 40 கிராம் இருக்கும். மண்டூசியில் ஆயிரம் விதை 2 கிராம் தேறினால் அதிகம். அவ்வளவு சிறிய விதையில் சேமிப்பு குறைவு என்பதால் ஆழத்திலிருந்து முட்டி வெளிவர முடியாது. மேல்மண்ணில் 5 சென்டிமீட்டருக்குள் கிடப்பவைதான் பெரும்பாலும் முளைக்கின்றன. முளைக்க ஈரமும் குளிரும் வேண்டும், 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம்தான் அதற்கு ஏற்றது. அக்டோபர் கடைசியில் பகல் வெப்பம் 30-ஐ ஒட்டி இருக்கும்போது அது தூங்கும், நவம்பர் நடுவில் விழிக்கும். நெல்லுக்கு நான்கு மாதம் தண்ணீர் கட்டினாலும் விதை எல்லாம் அழுகிவிடுவதில்லை. கோதுமை அறுவடைக்கு முன்பே பெரும்பகுதி விதை உதிர்ந்துவிடுவதால் அறுவடை இயந்திரத்தில் அகப்படுவதும் குறைவு. பருத்திக்குப் பின் கோதுமை போடும் வயல்களில் இதன் தொல்லை கம்மி. நெல்லுக்குப் பின் போடும் ஈரமான கனத்த மண்தான் அதற்குத் தாய் வீடு.

பசுமைப் புரட்சிக்கு முந்தைய சி 306 போன்ற நெட்டைக் கோதுமை ரகங்கள் களையை நிழலில் அமுக்கின. குட்டை ரகங்கள் உரத்தையும் தண்ணீரையும் தாங்கிச் சாயாமல் நின்றன, விளைச்சலை வெகுவாகக் கூட்டின. ஆனால் மண்டூசி அவற்றின் தலைக்கு மேலே கதிர் நீட்டியது. அப்போது கைகொடுத்தது ஐசோபுரோட்டுரான் என்னும் களைக்கொல்லி. விலை மலிவு, ஒரே தெளிப்பில் வயல் சுத்தம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதே மருந்தை அதே வயலில் அடித்தார்கள். பல இடங்களில் தெளிக்கக்கூட இல்லை; மணலிலோ யூரியாவிலோ கலந்து கையால் வீசினார்கள். ஓரிடத்தில் அளவு மிஞ்சியது, பக்கத்தில் பாதிகூட விழவில்லை. பாதி அளவு பட்டுச் சாகாமல் தப்பிய செடிகள் விதை கொடுத்தன. 1990-களின் தொடக்கத்தில் ஹிசாரில் உள்ள ஹரியானா வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மண்டூசி மருந்துக்கு மசியவில்லை என்று உறுதிப்படுத்தினார்கள். மருந்தைத் தன் உடலுக்குள்ளேயே வேகமாகச் சிதைத்துச் செரித்துவிடும் செடிகள் அவை. சில ஊர்களில் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுத் தீவனமாகப் போட வேண்டியதாயிற்று. சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் புல் நின்ற வயலில் வேறென்ன செய்வது?

1990-களின் பிற்பாதியில் குளோடினோஃபாப், ஃபெனாக்சாபுரோப், சல்ஃபோசல்ஃபியூரான் ஆகிய களைக்கொல்லிகள் வந்தன. பிறகு பினாக்சடென், மீசோசல்ஃபியூரான் கலவைகள். பழைய கதைதான் திரும்பியது. ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து அடித்த இடங்களில் இவற்றில் பலவற்றுக்கும் அசையாத மண்டூசி இப்போது இருக்கிறது. புதிய புட்டி வந்தால் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கை மட்டும் குறையவில்லை. விதைப்பில் கவனம் வைக்காமல் மருந்தில் மட்டும் பணம் போட்ட வயல் எது என்று பிப்ரவரியில் வரப்பில் நின்றாலே தெரியும்.

அந்த நெருக்கடியில்தான் உழாமல் விதைக்கும் கருவி ஹரியானாவில் வேகமாகப் பரவியது. நியூசிலாந்திலிருந்து வந்த, தலைகீழான ஆங்கில டி எழுத்து வடிவக் கொழு அதன் உயிர். கொழு மண்ணில் ஒரு மெல்லிய கீறல் போடும், உள்ளே சற்று அகலமாகக் குடைந்து விதையையும் உரத்தையும் விடும், மேல்மண் மூடிக்கொள்ளும். இரண்டு சாலுக்கு நடுவே உள்ள மண் அசைவதே இல்லை. அசையாத மண்ணில் ஆழத்தில் கிடக்கும் மண்டூசி விதை மேலே வருவதில்லை, மேலே கிடப்பதும் இறுகிய மண்ணில் குறைவாகவே முளைக்கிறது. உழவு, பரம்படிப்பு என்று ஆறேழு ஓட்டம் மிச்சமாவதால் விதைப்பு ஒன்றிரண்டு வாரம் முந்துகிறது. நவம்பர் நடுவுக்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 1 சதவீத விளைச்சல் போகிறது என்பது அந்தப் பகுதியில் பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. ஆக, அக்டோபர் 25-லிருந்து நவம்பர் முதல் வாரத்துக்குள் விதைத்தவருக்கு இரட்டை லாபம்: கோதுமை வெப்பமான மண்ணில் சட்டென்று எழுந்து தூர் கட்டும், மண்டூசி விழிப்பதற்குள் நிலத்தை மூடிவிடும், பங்குனி வெயிலுக்கு முன் மணியில் பாலும் கட்டிவிடும்.

உழாத விதைப்பை வரம் என்று சொல்லிவிடவும் முடியாது. காட்டுப் பாலக் எனப்படும் ரூமெக்ஸ் போன்ற அகன்ற இலைக் களைகள் உழாத நிலத்தில் பெருகுகின்றன. அதன் விதை நெல் வயல் தண்ணீரில் மிதந்து, தண்ணீர் வடிந்ததும் மேல்மண்ணிலேயே படிந்து, உழவு இல்லாததால் அங்கேயே முளைக்கிறது. மண்டூசியை மட்டும் பார்த்துப் புல்கொல்லி அடித்தவர் வயலில் இரண்டு ஆண்டில் ரூமெக்ஸ் காடாகும். அதற்கு மெட்சல்ஃபியூரான் ஹெக்டேருக்கு 4 கிராம் மூலப்பொருள் (கலப்பில்லாத மருந்து) அளவிலோ, கார்ஃபென்ட்ரசோன் 20 கிராம் அளவிலோ தேவைப்படும். பத்துவா என்று அவர்கள் பிடுங்கி எறியும் களை நம் சக்கரவர்த்திக் கீரைதான். பிடுங்குகிற பெண்கள் பாதியை முந்தானையில் கட்டிக்கொண்டு போவதும் உண்டு.

தீ வைக்கும் விஷயம் இங்கேதான் வந்து சேர்கிறது. நிலத்தடி நீரைக் காக்க பஞ்சாப் 2009-ல் சட்டம் கொண்டுவந்து நெல் நடவை ஜூன் நடுவை நோக்கித் தள்ளியது. நோக்கம் சரி. ஆனால் நெல் அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே மிஞ்சியது. இயந்திரம் அறுத்த வயலில் ஹெக்டேருக்கு ஆறேழு டன் வைக்கோல் கிடக்கும். சாதாரண விதைப்புக் கருவியின் கொழுவில் வைக்கோல் சுருட்டிக்கொண்டு இருபது அடிக்கு ஒருமுறை நிற்கும். தீப்பெட்டியே மலிவான கருவி ஆனது அதனால்தான். எரித்த சாம்பலுக்கும் ஒரு கெடுதல் உண்டு. முளைக்கும் முன் அடிக்கும் பெண்டிமெத்தலின் போன்ற மருந்துகளைச் சாம்பல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், மண்ணுக்கு மருந்து போய்ச் சேராது.

ஆஸ்திரேலிய நிதியுதவியுடன் லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவான ஹேப்பி சீடர் என்னும் விதைப்புக் கருவி இதற்கு விடை. கொழுவுக்கு முன்னால் சுழலும் தட்டைக் கத்திகள் அந்தச் சாலில் உள்ள வைக்கோலை மட்டும் வெட்டி ஒதுக்கும், விதை விழும், வைக்கோல் மூடாக்காக மேலேயே கிடக்கும். வெளிச்சமும் வெப்ப ஏற்ற இறக்கமும் குறைவதால் களை முளைப்பது வெகுவாகக் குறைகிறது. ஈரம் நிற்பதால் மார்ச் வெயிலிலும் பயிர் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும்.

கருவி வாங்கியவர்கள் பலர் ஏன் கைவிட்டார்கள் என்பதற்கும் காரணங்கள் உண்டு. அறுவடை இயந்திரத்தின் பின்னால் வைக்கோலை நறுக்கிப் பரப்பும் சூப்பர் எஸ்.எம்.எஸ். இணைப்பு இல்லாவிட்டால் வைக்கோல் வரிவரியாகக் குவிந்து கிடக்கும். குவியலுக்கு அடியில் முளைத்த கோதுமை வெளுத்து மஞ்சளாகி நலியும், குவியல் இல்லாத பட்டையில் களை செழிக்கும். பஞ்சாப் அரசு 2018-ல் அந்த இணைப்பைக் கட்டாயமாக்கியும் டீசல் செலவுக்குப் பயந்து அதைக் கழற்றி வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பனி உலராத காலையில் ஓட்டினால் ஈர வைக்கோல் கத்தியில் சுற்றும், பத்து மணிக்கு மேல்தான் இறங்க வேண்டும். 45 குதிரைத்திறனுக்குக் குறைந்த டிராக்டர் திணறும். எலியும் இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பானும் மூடாக்கில் ஒளியும், முதல் ஒரு மாதம் வாரம் ஒருமுறையாவது நடுவயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். வரப்பிலிருந்து பார்த்தால் வைக்கோல்தான் தெரியும்.

இப்போது சூப்பர் சீடருக்குத்தான் மவுசு. அது வைக்கோலை ரோட்டவேட்டர் போலக் கொத்தி மண்ணுக்குள் புதைத்துக்கொண்டே விதைக்கும். வயல் பார்க்க உழுதது போலச் சுத்தமாக இருக்கும், உழவர் மனதுக்கு அது பிடிக்கிறது. எங்கள் கருத்தில் களைக்காக யோசிப்பவர் இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மண்ணைக் கிளறுவதால் புதைந்த மண்டூசி விதை மேலே வருகிறது. மூடாக்கின் பயன் போய்விடுகிறது. புதைந்த வைக்கோல் மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் பயிர் சில வாரம் மஞ்சளடிக்கிறது. ஈரம் மிகுந்த களிமண்ணில் விதை ஒரே ஆழத்தில் விழுவதும் இல்லை.

ஆழம் என்பது குட்டை ரகங்களில் உயிர்நாடி. தண்டைக் குட்டையாக்கிய அதே மரபணு முளைக்குருத்தின் உறையையும் குட்டையாக்கிவிட்டது. 4 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் சரி; 8-ஐத் தாண்டினால் உறை மண்ணுக்குள்ளேயே முடிந்து, இலை உள்ளுக்குள் மடங்கிக் கிடக்கும். கையால் வீசி விதைத்தால் பாதி விதை மேலே பறவைக்கு, கால்வாசி ஆழத்துக்கு. அதை ஈடுகட்ட ஹெக்டேருக்கு 25 கிலோ கூடுதலாகப் போட்டும் பயிர் திட்டுத்திட்டாக நிற்கும், இடைவெளியெல்லாம் களைக்குப் பட்டா. வீசிய உரமும் களைக்கும் பயிருக்கும் பொது. சாலில் விதைக்குக் கீழே விழுந்த உரம் முதலில் கோதுமை வேருக்குத்தான்.

கருவியில் விதை அளவு சரியா என்று வயலில் இறங்கும் முன் பார்க்க அரை மணி நேரம் போதும். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் 9 சால் என்றால் அகலம் 1.8 மீட்டர். தரைச் சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கருவியைத் தூக்கி நிறுத்தி, குழாய்களின் அடியில் சாக்கு விரித்து, சக்கரத்தை 20 சுற்றுச் சுற்றினால் 30 மீட்டர் ஓடியதற்குச் சமம். பரப்பு 54 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 100 கிலோ வேண்டுமானால் சாக்கில் 540 கிராம் விழ வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் 60 கிராம். ஒரு குழாயில் 30 மட்டுமே விழுந்தால் அந்தச் சால் நெடுக மண்டூசிக்கு அழைப்பு அனுப்பியாயிற்று என்று அர்த்தம். முளைத்த பிறகும் சரிபார்க்கலாம்: ஆயிரம் மணி 40 கிராம் எடையுள்ள விதையில் சதுர மீட்டருக்கு 250 மணி, அதாவது ஒரு மீட்டர் சாலுக்கு 50. அதில் 40-க்கு மேல் செடி நின்றால் நல்ல விதைப்பு.

சால் இடைவெளியை 22-லிருந்து 15 சென்டிமீட்டராகக் குறைத்தாலும், விதையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் குறுக்கும் நெடுக்குமாக விதைத்தாலும் பயிர் சீக்கிரம் நிலத்தை மூடும். குறுக்கு விதைப்புக்கு இரண்டு ஓட்டம், இரு மடங்கு டீசல். தாள் மூடிய நிலத்தில் அது முடியவும் முடியாது. மேட்டுப்பாத்தியில் இரண்டு சாலாக விதைக்கும் முறை வேறு வழியில் உதவுகிறது. பாத்தி 37.5, வாய்க்கால் 30 சென்டிமீட்டர்; தண்ணீர் வாய்க்காலில் மட்டும் ஓடுவதால் பாத்தியின் தலை சீக்கிரம் காயும், குளிரும் ஈரமும் கேட்கும் மண்டூசிக்கு அது ஒத்துவராது. ஏக்கருக்கு 30 கிலோ விதை போதும், வாய்க்காலில் கருவி ஓட்டிக் களையெடுக்கலாம். மணற்பாங்கான நிலத்தில் மட்டும் செய்யாதீர்கள், விதைக்கு ஈரம் எட்டாது. விதைப்பதற்கு முன் ஒரு தண்ணீர் கட்டி, முளைத்த களையை உழுது அழித்துப் பிறகு விதைக்கும் பழைய முறையைச் சிலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். அக்டோபர் வெயிலில் மண்டூசி பெரும்பாலும் முளைக்காது. அது முளைக்கும்வரை காத்திருந்தால் விதைப்புத் தேதி போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மருந்து வேண்டியிருக்கும், எண்ணிக்கைதான் குறையும். விதைத்த இரண்டு நாளுக்குள் ஏக்கருக்குப் பெண்டிமெத்தலின் 30 இ.சி. (30 சதவீத மருந்துள்ள, தண்ணீரில் கலக்கும் திரவம்) 1.5 லிட்டர் அல்லது பைராக்சசல்ஃபோன் 85 டபிள்யூ.ஜி. (தண்ணீரில் கரைக்கும் குருணை) 60 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். மண் ஈரமாக, கட்டியில்லாமல் இருந்தால்தான் வேலை செய்யும். கனத்த மூடாக்கு இருந்தால் மருந்தில் பாதி வைக்கோலில் தங்கிவிடும். முதல் தண்ணீர் கட்டி, கால் புதையாத அளவு ஈரம் வந்ததும், 30–35 நாளில், மண்டூசி இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது அடுத்த தெளிப்பு: குளோடினோஃபாப் 15 டபிள்யூ.பி. (தண்ணீரில் கலக்கும் தூள்) 160 கிராம், அல்லது பினாக்சடென் 5 இ.சி. 400 மில்லி, அல்லது சல்ஃபோசல்ஃபியூரான் 75 டபிள்யூ.ஜி. 13 கிராம், இவற்றில் ஏதாவது ஒன்று, ஏக்கருக்கு 150 லிட்டர் தண்ணீரில். 15 லிட்டர் கைத்தெளிப்பானில் பத்துத் தொட்டி. ஐந்து தொட்டியோடு முடிப்பவர்கள்தான் மருந்து போலி என்று கடையில் சண்டை போடுகிறார்கள். பூச்சிமருந்துக்கான வட்டக்கூம்பு நாசிலை மாட்டாமல் தட்டை விசிறி நாசில் மாட்ட வேண்டும். நாசிலை இடமும் வலமும் ஆட்டாமல் நேராக நடக்க வேண்டும். குளோடினோஃபாப்போடு அகன்ற இலைக் களைக்கான 2,4-டி மருந்தைக் கலந்தால் புல்லைக் கொல்லும் வேகம் மட்டுப்படும், இரண்டுக்கும் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். 2,4-டி-யை முன்கூட்டியோ பிந்தியோ அடித்தால் கதிர் கோணி வெளிவரும். சல்ஃபோசல்ஃபியூரான் அடித்த வயலில் அடுத்ததாகச் சோளமோ மக்காச்சோளமோ போடக் கூடாது, மண்ணில் மிச்சம் இருந்து முளையைக் கருக்கும். மெட்ரிபுசின் கலந்த மருந்து மணல் நிலத்திலும் சில ரகங்களிலும் கோதுமையையே சுடும். ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் சென்ற ஆண்டு அடித்த வகையை இந்த ஆண்டு அடிக்கக் கூடாது. வணிகப் பெயர் மாறினால் வகை மாறியதாகாது: குளோடினோஃபாப்பும் ஃபெனாக்சாபுரோப்பும் பினாக்சடெனும் களைக்குள் அடிக்கும் இடம் ஒன்றுதான். தப்பி நிற்கும் செடிகளை விதை உதிரும் முன், பிப்ரவரி கடைசிக்குள் கையால் பிடுங்கி வயலுக்கு வெளியே போட வேண்டும். மருந்துக்கு அடங்காத வயலில் இரண்டு ஆண்டு கோதுமைக்குப் பதில் பெர்சீம் தீவனப் பயிர் போட்டால், மாட்டுக்காக மாதாமாதம் அறுக்கும்போது மண்டூசியும் விதை வைக்கும் முன்பே அறுபட்டுப் போகிறது. ஆனால் குளிர்காலப் பயிர்களில் அரசு கொள்முதல் பெரும்பாலும் கோதுமைக்குத்தான் இருக்கிறது என்பதால் உழவர்கள் மாற்றுப் பயிருக்குத் தயங்குகிறார்கள். அதை அவர்கள் குற்றமாகச் சொல்ல முடியாது.

அடுத்த ஐப்பசியில் தங்கள் செய்தியாளர் அந்தப் பக்கம் போனால், தீ எத்தனை இடத்தில் என்று எண்ணுவதோடு மூன்று கேள்விகளையும் கேட்டுவரச் சொல்லுங்கள்: அந்த ஊரில் ஓடும் அறுவடை இயந்திரங்களில் எத்தனையில் வைக்கோல் பரப்பும் இணைப்பு மாட்டியிருக்கிறது? வாடகைக்கு ஹேப்பி சீடர் கேட்டால் எத்தனையாவது நாள் முறை வருகிறது? சென்ற ஆண்டு மண்டூசிக்கு எத்தனை முறை, என்ன மருந்து அடித்தார்கள்?

இங்ஙனம்,
வேளாண் களை மேலாண்மைத் துறை வாசகர்கள்